தார்ஸீலி வீட்டுப் பால்கனி

மோந்தெகார்தோவில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளின் சாவியெல்லாம் என்னிடம்தான் இருக்கும். வருகிறவர்களை ஊர் மதில் வாசலில் போய் அழைத்து வருவது, வீட்டைச் சுற்றிக் காட்டுவது, வெந்நீர் எப்படி வரும், குப்பையை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று சொல்வது, அவர்கள் போன பிறகு படுக்கை விரிப்புகளை உருவித் துவைப்பது, எல்லாம் என் வேலை. டச்சுக்காரர்கள், ஜெர்மன்காரர்கள், ரோமாபுரியின் புழுக்கம் தாங்காமல் மலையேறி ஓடிவருகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அந்த ஆகஸ்டில் தார்ஸீலி வீட்டுக்கு வந்தவர்களைப் போல அதற்கு முன் யாரும் வந்ததில்லை.

தார்ஸீலி வீடு ஊரின் உச்சியில், கோயில் சதுக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது. ஒரு காலத்தில் கீழே ஆற்றங்கரை வரை கண்ணுக்குத் தெரிந்த நிலமெல்லாம் அவர்களுடையது. இப்போது நிலம் போய்விட்டது, வீடும் பெயரும்தான் மிச்சம். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒட்டாவியோ தார்ஸீலி, ரோமில் வக்கீல். கூரை ஓடு மாற்றுவதற்கே சம்பாத்தியம் பற்றவில்லை என்று, மிலானில் இருக்கும் அவர் மகள் வீட்டை இணையத்தில் வாடகைக்கு ஏற்றிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. மாதா திருவிழா வரும் வாரம் மட்டும் யாருக்கும் கிடையாது. அந்த வாரம் வக்கீல் வருவார். பவனி சதுக்கத்துக்குள் நுழைந்ததும், தோளில் தூக்கி வரும் மாதாவின் சுரூபம் அந்த வீட்டின் முன் நிற்கும். பேண்டு வாத்தியக்காரர்கள் பால்கனியை அண்ணாந்து பார்த்து ஒரு பாட்டு வாசிப்பார்கள். அவர் மேலே நின்று லேசாகத் தலையை அசைப்பார். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் அசைத்தாராம்.

அந்த வருஷம் மகள் அந்த வாரத்தை அடைத்துவைக்க மறந்துபோனாள். துரினிலிருந்து நெரீனா பொர்கேசியோ என்று ஒருவர் பதிவு செய்து, முழு வாடகையையும் கட்டிவிட்டார். எங்கள் ஊரில் பொர்கேசியோ என்று யாரும் இல்லை. நானும் ஒன்றும் யோசிக்கவில்லை.

மதில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து பெண்களாக இறங்கினார்கள். எல்லாருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்து, ஓய்வு பெற்றவர்கள் என்று பிறகு தெரிந்தது. முதலில் இறங்கியவள் ரொசால்பா. தெற்கே புல்யாக்காரி, நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"ஏம்மா, இவ்வளவு ஏத்தம் இருக்குன்னு படத்துல காட்டவே இல்லியே?" என்றாள் என்னிடம்.

"படம் மேலருந்து எடுத்தது" என்றேன்.

"அப்ப எடுத்தவன் அங்கேயே பொறந்திருப்பான். ஏறியிருக்க மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. மெலிந்த, நெட்டையான பெண். வெள்ளை முடியை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருந்தாள். பெட்டியை நான் வாங்குவதற்குள் தானே தூக்கிக்கொண்டு, வழி கேட்காமல் முன்னால் நடந்தாள். அவள்தான் நெரீனா.

தார்ஸீலி வீட்டு முன்கதவின் பூட்டு முரடு. அதனால் வருகிறவர்களை நான் எப்போதும் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கதவுக்குத்தான் கூட்டிப்போவேன். அன்றைக்கும் திரும்பினேன்.

"இப்படி வாங்க, பின்வாசல் சுலபம்."

நெரீனா சதுக்கத்திலேயே நின்றுவிட்டாள். "வாடகை முன்வாசலுக்கும் சேர்த்துத்தானே?"

"சேர்த்துத்தான். பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும்."

"பண்ணட்டும். சாவியக் குடுங்க."

இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துத் திருப்பினாள். திறக்கவில்லை. ரொசால்பா வந்து கதவில் தோளைக் கொடுத்தாள். கதவு முனகிக்கொண்டே திறந்தது. நெரீனா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரிய பளிங்குப் படிக்கட்டைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடுவில் ஏறிப் போனாள். வருகிறவர்கள் பொதுவாகக் கைப்பிடியை ஒட்டி ஏறுவார்கள், கல் வழுக்கும் என்று. அவள் நட்டநடுவில் ஏறினாள்.

சமையலறையைக் காட்டும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"அந்தச் சரக்கறைக் கதவு சில நேரம் திறக்காது" என்று ஆரம்பித்தேன்.

"மழை பேஞ்சா உப்பிக்கும். இடுப்பால ஒரு இடி இடிக்கணும்" என்றாள் நெரீனா.

"முன்னாடி இங்க தங்கியிருக்கீங்களா?"

"தங்கியிருக்கேன். அப்ப நான் வாடகை குடுக்கல, அவங்க எனக்குக் குடுத்தாங்க. ரொம்பக் கொஞ்சமா."

காபி அடுப்பில் பொங்கி வரும்வரை அவள் சொன்னாள். மற்ற பெண்களுக்கு இந்தக் கதை மனப்பாடம் போல. ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரும்பவும் கேட்டார்கள்.

அவள் எங்கள் ஊர்ப்பெண்தான். ஆற்றங்கரையில் வண்டியோட்டி ஒருவரின் மகள். பதினான்கு வயதில் தார்ஸீலி வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். பத்தொன்பது வயதில், திருவிழா அன்று, மேல்மாடிக் கூடத்தில் மேஜைத்துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டார் பால்கனிக்கு இன்னும் வந்து சேரவில்லை. பேண்டுச் சத்தம் கேட்டதும், மடித்த துணி கையில் இருந்தபடியே பால்கனியில் காலை வைத்துவிட்டாள். சதுக்கம் நிறைய ஜனம். வாத்தியக்காரர்கள் அண்ணாந்து பார்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டம்மா, அதாவது இந்த ஒட்டாவியோவின் தாயார், பின்னாலிருந்து வந்து அவளைத் திருப்பிக் கன்னத்தில் அறைந்தாள். அத்தனை பேர் பார்க்க.

"அறை ஒண்ணும் வலிக்கல" என்றாள் நெரீனா. "எங்கப்பா அதவிட நல்லா அறைவாரு. கீழ நின்னவங்க சிரிச்சாங்க பாருங்க, அதுதான். அவங்க மேல எனக்குக் கோபம்கூட இல்ல. அவங்களுக்கு அது வேடிக்கை. அன்னிக்கே என்னப் பின்வாசல் வழியா அனுப்பிட்டாங்க. எங்கப்பா போய்க் கெஞ்சலாம்னாரு. நான் துரினுக்கு பஸ் ஏறிட்டேன். பொர்கேசியோங்கறது பின்னாடி அங்க கட்டிக்கிட்டவரு பேரு."

"அப்புறம் ஊருக்கே வரலியா?"

"எங்கப்பா இறுதிச் சடங்குக்கு மட்டும். வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது."

"இப்ப?"

"இப்ப ஒரு வாரத்துக்கு இது என் வீடு" என்றாள் நெரீனா. "பவனி வரும்போது நான் அங்க நிக்கப் போறேன்."

ரொசால்பா ஒரு பெரிய மூட்டையை மேஜைமேல் வைத்து அவிழ்த்தாள். எங்கள் ஊரில் பவனியன்று எல்லா ஜன்னலிலும் பால்கனியிலும் நல்ல துணியாகப் பார்த்துத் தொங்கவிடுவோம். தார்ஸீலி வீட்டுக்கென்று சிவப்புப் பட்டில் குலச்சின்னம் போட்ட துணி ஒன்று உண்டு. வக்கீல் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். இவர்கள் கையோடு தங்கள் துணியைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆலையில் மிஞ்சிய இருக்கைத் துணி. சாம்பல், நீலம், கோடுபோட்டது, பல வருஷத்துக் கார்களின் துணிகள். குளிர்காலம் முழுக்க ஆளாளுக்கு வீட்டில் வைத்துத் தைத்து இணைத்திருந்தார்கள். ஓரம் முழுக்கச் சிவப்புக் கரை. இரட்டைத் தையல். நான் இழுத்துப் பார்த்தேன். ஒரு மாட்டைக் கட்டிவைக்கலாம், அவ்வளவு உறுதி.

"எப்படி?" என்றாள் ரொசால்பா.

"அந்தச் சிவப்புப் பட்டு கிழிஞ்சிருக்கும். இது கிழியாது" என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் அவர்கள் கட்சி.

சின்ன ஊர். சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லார் காதுக்கும் போயிற்று. பால்கனியில் வேறு யாரோ நிற்கப்போகிறார்கள் என்ற அளவில் வக்கீலுக்கும் போயிற்று. திருவிழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே ரோமிலிருந்து வந்து இறங்கிவிட்டார். ஊர்க்கோடியில் ஒரு சிநேகிதர் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேராகத் தார்ஸீலி வீட்டுக்கு வந்தார். நான் கூடத்தில் ஜன்னல் திரைகளை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். கத்தவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சிஞ்ஞோரா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. என் மக தேதியப் பாக்காம விட்டுட்டா. ஆத்தோரம் என் சிநேகிதர் வீடு ஒண்ணு இருக்கு. நீச்சல் குளத்தோட. நீங்க எல்லாரும் இப்பவே அங்க மாறிக்கலாம். செலவு என்னோடது."

"நீச்சல் தெரியாதுங்க எனக்கு" என்றாள் நெரீனா.

"எனக்குத் தெரியும், ஆனா வேண்டாம்" என்றாள் ரொசால்பா.

"அப்ப கட்டின வாடகை முழுசும் திருப்பித் தர்றேன். நீங்க இங்கேயே இருங்க. பவனி நேரத்துல மட்டும், ஒரு பாட்டு வாசிக்கிற நேரம், பால்கனிய எனக்கு விட்டுட்டு உள்ள உக்காந்திருங்க. ஊர்ல ஒரு பழக்கம். ஜனங்க எதிர்பாப்பாங்க."

"பால்கனி பெருசுதானே" என்றாள் நெரீனா. "நீங்களும் வாங்க. எங்களோட நில்லுங்க. ஆனா நாங்க உள்ள போக மாட்டோம்."

அவர் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். ரொசால்பா காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"அது சரிப்படாது" என்றார்.

"அப்ப உங்க இஷ்டம். காபி குடிக்கிறீங்களா?"

அவர் குடிக்கவில்லை.

மத்தியானம் இறைச்சிக் கடைக்குப் போனேன். மறுநாள் விருந்துக்கு அடுக்குப் பாஸ்தாவும், இறைச்சி அடைத்துப் பொரிக்கும் ஆலிவும் செய்வதாக இருந்தார்கள். எங்கள் ஊர் இறைச்சிக் கடைக்காரர் எல்வேசியோதான் பேண்டுக்கும் தலைவர். நெரீனாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர் எனக்குக் கறி அரைத்துக்கொண்டிருக்கும்போது வக்கீல் உள்ளே வந்தார்.

"எல்வேசியோ, நாளைக்கு நான் சதுக்கத்துல கிணத்துப் பக்கம் நிப்பேன். நீங்க அங்க நின்னு வாசிச்சாப் போதும். மேல அண்ணாந்து பாக்க வேண்டியதில்ல."

எல்வேசியோ இயந்திரத்தை நிறுத்தினார். "வழக்கமா பால்கனிக்குத்தானே வாசிக்கிறோம், வக்கீலய்யா."

"தார்ஸீலி குடும்பத்துக்கு வாசிக்கிறீங்க. அப்புறம், உங்க ஒத்திகை அறை விஷயம் ஒண்ணு பேசணும். அந்த இடத்த வேற ஒருத்தரு கேக்கறாரு. திருவிழா முடியட்டும், பேசலாம்."

அவ்வளவுதான் சொன்னார். பேண்டு ஒத்திகை பார்ப்பது தார்ஸீலி வீட்டுப் பழைய குதிரை லாயத்தில்தான். வாடகை கிடையாது. அது போனால் பெரிய முரசிலிருந்து பித்தளைக் குழல்கள் வரை வைக்க ஊரில் வேறு இடமில்லை. வக்கீல் போன பிறகு எல்வேசியோ வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"கறி அரைக்கப் போறேன். நீ கேட்டது கறிதானே?" என்றார். கட்டிக் கொடுக்கும்போது, "நெரீனா என்னப் பத்தி ஏதாவது விசாரிச்சாளா?" என்றார்.

"உசுரோட இருக்கானான்னு கேட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"இருக்காருன்னேன். இன்னும் அதே மாதிரி தப்பாத்தான் வாசிக்கிறானான்னு கேட்டாங்க."

எல்வேசியோ சிரிக்கவில்லை. ஆனால் காசு வாங்காமல் இன்னொரு துண்டு எலும்பையும் பொட்டலத்தில் போட்டார்.

திருவிழாவன்று வெயில் வெள்ளையாக அடித்தது. பூசை முடிந்து பவனி கீழ்த்தெருக்களைச் சுற்றிவரப் போயிருந்தது. நான் மேலே கூடத்தில் அவர்களோடு இருந்தேன். பெண்கள் எல்லாரும் குளித்து, நல்ல உடை போட்டு, ஒருத்திக்கொருத்தி கழுத்துச் சங்கிலியின் கொக்கியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ரொசால்பாவும் நானும் துணியைப் பால்கனிக் கம்பியின்மேல் போட்டு இறக்கினோம். சதுக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தச் சாம்பலும் நீலமும் பழைய கல்சுவரில் படிந்து இறங்கின அழகை நான் என்ன சொல்ல. காற்றுக்குத் தூக்கவே இல்லை. இருக்கைத் துணி, கனம் அதிகம்.

கிணற்றுப் பக்கம் வக்கீல் வெள்ளைக் கோட்டுடன் நின்றிருந்தார். அவரைச் சுற்றி ஜனங்கள் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

பேண்டுச் சத்தம் நெருங்கியது. நெரீனா பால்கனிக் கதவுவரை வந்து நின்றுவிட்டாள்.

"என்னடீ?" என்றாள் ரொசால்பா.

"கால் வரமாட்டேங்குது."

ஒருத்தியும் அவளைத் தள்ளவில்லை. பின்னால் வந்து வரிசையாக நின்றார்கள், ஆலையில் உட்கார்ந்த அதே வரிசையோ என்னவோ. ரொசால்பா சாதாரணக் குரலில், "நேரம் எடுத்துக்கோ. வாடகை சனிக்கிழமை வரைக்கும் இருக்கு" என்றாள்.

நெரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காலை வெளியே வைத்தாள்.

பவனி சதுக்கத்துக்குள் நுழைந்தது. முன்னால் எல்வேசியோ, நீலச் சீருடையில், கையில் சின்னக் கோலுடன். பின்னால் வாத்தியங்கள். அதன் பின்னால் தோள்களில் ஆடிக்கொண்டு மாதாவின் சுரூபம். எல்வேசியோ கிணற்றை நெருங்கினார். வக்கீல் தோளை நிமிர்த்தினார். எல்வேசியோ அவருக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தார். வைத்துவிட்டு, நடையை நிறுத்தாமல் நடந்தார். பேண்டு முழுவதும் அவர் பின்னால் கிணற்றைக் கடந்து, நேராக எங்கள் பால்கனிக்குக் கீழே வந்து நின்றது. சுரூபத்தைத் தாங்குகட்டைகளில் இறக்கினார்கள். வாத்தியம் நின்றது. புறாச் சிறகடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

எல்வேசியோ தொப்பியைக் கழற்றினார். எங்கள் பேண்டில் தலைவர் தொப்பியைக் கழற்றும் வழக்கம் கிடையாது, வக்கீலுடைய தகப்பனாருக்குக்கூடக் கழற்றியதில்லை. அண்ணாந்து நெரீனாவைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கோலை உயர்த்தினார்.

எத்தனையோ வருஷமாகக் கேட்ட அதே பாட்டுதான். அன்றைக்கு அதை அவர்கள் வாசித்த மாதிரி அதற்கு முன் வாசித்ததில்லை. பெரிய குழல் ஊதுகிறவர் கன்னம் வெடித்துவிடும் போலிருந்தது. நெரீனா தலையை அசைக்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியக்காரர் முகமாகப் பார்த்தாள், பிறகு சதுக்கத்தில் நின்ற ஒவ்வொரு முகமாக. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் துடைக்கவில்லை.

பாட்டு முடிந்தது. பவனியில் கைதட்டுவது எங்கள் ஊரில் கிடையாது. கோயில் தாழ்வாரத்தின் அடியில் நின்ற பெண்களிடமிருந்து முதல் கைத்தட்டல் வந்தது. யாரென்று இன்றுவரை ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். பிறகு பத்துக் கை, பிறகு சதுக்கம் முழுவதும். பங்குச் சாமியார் கொஞ்சம் தயங்கி, ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானும் தட்டினார்.

நெரீனா குனிந்து கூப்பிட்டாள். "டேய் எல்வேசியோ."

"என்ன?"

"தப்பில்லாமத்தான் வாசிச்ச."

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே" என்றார் அவர்.

"பவனி முடிஞ்சதும் எல்லாரும் மேல சாப்பிட வாங்க. முன்வாசல் திறந்திருக்கு."

வழக்கமாகப் பேண்டுக்காரர்களுக்கு லாயத்து வாசலில்தான் ஆளுக்கொரு கோப்பை ஒயின் கொடுப்பார்கள். அன்றைக்கு அவர்கள் வாத்தியங்களோடு பளிங்குப் படியில் ஏறி வந்தார்கள். பெரிய குழல் வளைவில் சிக்கிக்கொண்டது. அதை மூன்று பேர் சேர்ந்து திருப்பி எடுத்தார்கள். அவர்கள் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள், பின்னால் பக்கத்துத் தெரு. பாதிப்பேர் அந்தக் கூடத்தைப் பார்ப்பதே முதல் தடவை. உத்தரத்தில் வரைந்திருந்த தேவதைகளை அண்ணாந்து பார்த்தபடியே பாஸ்தாவை வாயில் போட்டுக்கொண்டார்கள். ஆலிவ் பொரிக்கப் பொரிக்கத் தீர்ந்தது.

கடைசியாக வக்கீல் வந்தார். தன் வீட்டுக் கூடத்து வாசலிலேயே நின்றார்.

"என்ன வீட்டுக்காரரே, வெளியில நிக்கிறீங்க" என்றாள் ரொசால்பா. "தட்டு அந்த மேஜைல இருக்கு. எடுத்துக்கோங்க."

அவர் எடுத்துக்கொண்டார். நாற்காலி இல்லை. பியானோ முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நெரீனாவைப் பார்த்து, "இப்பத்தான் கீழ சொன்னாங்க, நீங்க யாருன்னு" என்றார். "நீங்க கல்யாணம் பண்ணிக்க வேலைய விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு எங்கம்மா சொன்னாங்க."

"இல்லீங்க. உங்கம்மா அந்தப் பால்கனில வச்சு என்ன அறைஞ்சு துரத்தினாங்க. இந்த ஊரே பாத்துச்சு. கேட்டுப் பாருங்க."

வக்கீல் சுற்றிப் பார்த்தார். யாரும் தலையைக் குனியவில்லை.

"ஆமா" என்றார் எல்வேசியோ, வாயில் ஆலிவுடன். "நான் கீழதான் நின்னேன்."

வக்கீல் தட்டை பியானோமேல் வைத்தார். "எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். நீங்க போன பிறகு எனக்கு ஷூ மாட்டிவிட யாருமில்லாம நான் அழுதேன், அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார். முக்காலியிலிருந்து எழுந்து, "மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"அறைஞ்சது நீங்க இல்ல" என்றாள் நெரீனா. "ஆனா சொன்னதுக்கு சந்தோஷம். சாப்பிடுங்க, ஆறிடும்."

எல்வேசியோ சும்மா இருப்பாரா. "வக்கீலய்யா, ஒத்திகை அறை?" என்றார் எல்லார் முன்னாலும்.

வக்கீல் முகம் சிவந்தது. "அதுல மழைக்கு ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன். ஆள் அனுப்பறேன்" என்றார். பிறகு கிளாரினெட்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ரொசால்பா பங்குச் சாமியாரையே ஆட இழுத்தாள். நெரீனா எல்வேசியோவோடு ஆடினாள். இருவருக்கும் முழங்கால் சரியில்லை, ஆனாலும் கூடத்தை முழுசாகச் சுற்றி வந்தார்கள்.

சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வக்கீல் வழியனுப்ப மதில் வாசல் வரை இறங்கி வந்திருந்தார்.

"சிஞ்ஞோரா நெரீனா, என் மககிட்ட சொல்லிட்டேன். இனி வருஷா வருஷம் திருவிழா வாரம் உங்களுக்குத்தான். வேற யாருக்கும் விட மாட்டோம்."

நெரீனா பெட்டியை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"ரொம்ப நன்றிங்க. ஆனா அடுத்த வருஷம் நாங்க கடலுக்குப் போறோம். இவளுங்களுக்கு மணல்ல படுக்கணுமாம்."

"அதுக்கு அடுத்த வருஷம்?"

"பாக்கலாம். வேற எங்கயாவது போவோம். உங்க வீட்டு மெத்தை நல்லா இல்ல, முதுகு போயிடுச்சு."

வேன் கிளம்பியது. ரொசால்பா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே, வளைவு வளைவாக இறங்கிக் கண்ணுக்கு மறையும்வரை வக்கீல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லொரேதானா" என்றார் என்னிடம். "மெத்தை அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ஆமாங்க" என்றேன். "நானும் ரொம்ப நாளா சொல்லணும்னுதான் இருந்தேன்."